கம்பத்துக்குள் கேட்ட சத்தம்

ஊரில் அவரை மெதுவாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். படகில் ஏறுகிறவர்களிடம் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிச் சொல்லியே ஒட்டிக்கொண்ட பெயர். ஏறும்போது ஒரு தடவை, உட்காரும்போது ஒரு தடவை, இறங்கும்போது இரண்டு தடவை. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. தெருமுனைத் தையல்காரருக்கு ஊர் வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் தன்னுடையது எவ்வளவோ தேவலை என்பார்.

கடலோரத்தில் பிறந்தவர் இல்லை அவர். உள்நாட்டில், கடல் வாடையே எட்டாத ஒரு நகரத்தில், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இருபத்தாறு வயதில் பட்டறை ஆட்களெல்லாம் சேர்ந்து ஒரு பஸ் பிடித்து இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். காலையில் வந்து சாயங்காலம் திரும்புகிற பயணம். ஒரு காலத்தில் பாதி உலகத்துக் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் இது. இரண்டு ஆள் உயரக் கதவுகளோடு வரிசையாகக் கிடங்குகள் இன்னும் நிற்கின்றன. சுங்கக் கட்டடத்தின் கடிகாரம் எப்போதோ நின்றுபோய் நாலேகாலைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கடல் பின்வாங்கிப்போனதால், கப்பல் கட்டுகிற இரும்பு வளையங்கள் இப்போது நடுத்தெருச் சுவர்களில் பதிந்து கிடக்கின்றன. அவற்றில் சைக்கிளைப் பூட்டி வைக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, வருகிறவர்கள் கடைசியாகப் படகில் ஏறிப் பார்க்கப் போவது அந்தக் கப்பலை.

யுத்த காலத்தில் குண்டுகளை ஏற்றிக்கொண்டு வந்த கப்பல். துறைமுகத்துக்கு வெளியே மணல்திட்டில் தட்டி, இரண்டாக உடைந்து உட்கார்ந்துவிட்டது. பாதிச் சரக்கை இறக்கினார்கள். மீதியை இறக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டார்கள். எண்பது வருஷமாகத் தண்ணீருக்கு மேலே அதன் மூன்று இரும்புக் கம்பங்கள் மட்டும் தெரிகின்றன. சுற்றிலும் வட்டமாக மஞ்சள் மிதவைகள். அந்த வட்டத்துக்குள் எந்தப் படகும் போகக் கூடாது. உடைந்த வயிற்றிலிருந்து குண்டுகள் சிதறிக் கிடப்பதால் அக்கம்பக்கத்தில் யாரும் நங்கூரமும் போடக் கூடாது. ஊர்க்காரர்கள் அதைக் கப்பல் என்றுகூடச் சொல்வதில்லை. ‘அது’ என்பார்கள், அவ்வளவுதான்.

பட்டறை ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போனார்கள். அவர் மட்டும் அடுத்த நாலு ஞாயிறும் தனியாக வந்து அதே படகில் ஏறினார். ஐந்தாவது ஞாயிறு, படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிற பெண்ணே கேட்டுவிட்டாள்.

“கப்பலைப் பாக்க வர்றீங்களா, என்னைப் பாக்க வர்றீங்களா? கப்பல்னா டிக்கெட் எடுங்க. இல்லைன்னா அதோ அப்பா நிக்கறாரு, போய்ப் பேசுங்க.”

அவர் அப்பாவிடம் போய்ப் பேசினார். அப்படித்தான் ஒரு நாள் சுற்றிப் பார்க்க வந்தவர் இருபத்தேழு வருஷம் தங்கிப்போனார். மாமனாருக்குப் பின் படகு அவர் கைக்கு வந்தது. மனைவி வீட்டு மாடியில் நாலு அறைகளை ஒழித்து, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். ஒரே மகள், கட்டிக்கொடுத்து அவளும் உள்நாட்டுக்கே போய்விட்டாள். படகில் அவரோடு எஞ்சினைப் பார்த்துக்கொண்டது மனைவியின் தம்பி. நாற்பது வயதாகியும் வாய் மட்டும் அடங்காத ஆள்.

வருகிறவர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அது வெடிக்குமாங்க?”

“எண்பது வருஷமா வெடிக்கல,” என்பார் இவர்.

“உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தா இன்னைக்கு,” என்பான் மைத்துனன். படகே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, வருஷத்தில் எட்டு மாதம், அதே இடத்தில் அதே சிரிப்பு.

அன்று மதியம் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. படகில் ஆறு பேர்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகள், கூட வந்த மாமியார். தனியாக வந்திருந்த ஒரு நர்ஸம்மா. இரட்டைப் பின்னல் போட்ட மூத்த குழந்தை கம்பங்களை எண்ணி, “ஒண்ணு சாஞ்சிருக்கு,” என்றது.

“அது எப்பவுமே அப்படித்தான் பாப்பா,” என்றான் மைத்துனன்.

மெதுவாக்காரர் திரும்பிப் பார்த்தார். நடுக்கம்பம். எப்பவும் அப்படித்தானா? தினமும் பார்க்கிற முகத்தில் வயது ஏறுவது தெரியாது அல்லவா? அதுபோல அவருக்கும் நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் தேவலை என்று தோன்றியது. மிதவைகளை ஒட்டியே படகைத் திருப்பச் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. பிற்பாடு யார் கேட்டாலும் அதை ஒளிக்காமல் சொன்னார்.

மிதவை வரிசையை ஒட்டிப் போகும்போது எஞ்சின் ஒரு தடவை உறுமி, இருமி, நின்றது. எங்கிருந்தோ அறுந்து மிதந்து வந்த நைலான் வலை, தண்ணீருக்கடியில் படகைத் தள்ளுகிற விசிறியில் கொத்தாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நீர் வற்றுகிற நேரம். கரையிலிருந்து வெளியே ஓடுகிற நீரோட்டம் படகை அலுங்காமல் குலுங்காமல் இரண்டு மிதவைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனது.

எஞ்சின் நின்றால் எந்தப் படகுக்காரனும் யோசிக்காமல் செய்கிற காரியம் நங்கூரத்தைப் போடுவது. படகு நின்றுவிட்டால் மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். மைத்துனனும் யோசிக்கவில்லை. குனிந்தான், நங்கூரத்தை இரண்டு கையாலும் தூக்கினான், விளிம்புக்கு வெளியே நீட்டினான்.

மெதுவாக்காரர் பலகைகளைத் தாண்டி அவன்மேல் அப்படியே விழுந்தார். நங்கூரத்தின் கொக்கி அவருடைய இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் விடவில்லை.

“எங்க போடுறே மாப்ள? எங்க போடுறேன்னு பாருடா!”

அப்போதுதான் அவன் கீழே பார்த்தான். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் கறுப்பாக, தெரு அகலத்துக்கு, எதுவோ நீண்டு கிடந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. நங்கூரத்தைக் கைக்குழந்தையை வைக்கிற மாதிரி படகுக்குள் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு நெடுநேரம் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும், நிலைமை என்னவென்று புரிந்துகொள்ள.

வாத்தியார் எழுந்து நின்றார். “என்னங்க நடக்குது? எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க! குழந்தைங்க இருக்காங்க!”

“சார், உக்காருங்க. யாரும் எந்திரிக்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம். படகு ஒரு பக்கம் சாயக் கூடாது.”

“நான் போன் பண்றேன், கோஸ்ட் கார்டுக்கு—”

“பண்ணுங்க. ஆனா உக்காந்துக்கிட்டுப் பண்ணுங்க.” வாத்தியார் உட்கார்ந்து போனைத் தட்டினார், டவர் கிடைக்கவில்லை.

நர்ஸம்மா உட்கார்ந்தபடியே மெதுவாக்காரர் பக்கம் நகர்ந்து வந்தாள். துப்பட்டாவை இழுத்து அவருடைய கையை இறுக்கிக் கட்டினாள். பிறகு தான் உட்கார்ந்திருந்த பலகையைக் கழற்றி, “துடுப்பு மாதிரி போடட்டுமா?” என்று மட்டும் கேட்டாள். படகில் இருந்தது ஒரே துடுப்பு. இவர் அதை எடுத்துக்கொண்டார். நீண்ட கழி ஒன்றும் இருந்தது, கரையில் ஊன்றித் தள்ளுவதற்கு. அதை மட்டும் யாரும் தொடக் கூடாது என்றார். ஊன்றுகிற இடத்தில் மணல்தான் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தண்ணீரைத் தள்ளினார்கள். எதிர்த்துப் போக முடியவில்லை. விலகிப் போகத்தான் முடிந்தது. நடுக்கம்பம் நேராக வந்துகொண்டிருந்தது. படகு நகர்வது தெரியாமல், கம்பம்தான் இவர்களைத் தேடி வருகிற மாதிரி இருந்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டு பேத்தியைப் புடவைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். கம்பம் தொலைவிலிருந்து பார்க்கிறபோது கைப்பருமன். கிட்டே வந்ததும் ஆலமரம் மாதிரி பருத்துவிட்டது. துருவும் சிப்பியும் அப்பிய இரும்பு. மெதுவாக்காரர் பலங்கொண்ட மட்டும் தள்ளினார். ஒரு கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் படகு அதைத் தாண்டியது.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

அலை என்று சொல்ல முடியாத சின்ன ஏற்றம் ஒன்று வந்தது. கம்பத்துக்குள்ளே, ஆழத்தில், ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஏற்றம் இறங்கியது. மறுபடி ‘டொக்’. ஒரு பெரிய வீட்டில் யாரோ கீழ்த்தளத்தில் கதவைத் தட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல், விடாமல். லேத் பட்டறையில் எட்டு வருஷம் இரும்போடு இருந்த காது அது. பிடிப்பு விட்ட இரும்பு இன்னொரு இரும்பில் மோதுகிற சத்தம் எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பத்தின் அடியில், நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே, துரு உதிர்ந்து செங்கல் நிறத்தில் புதிய வெடிப்பு ஒன்று வாய் திறந்திருந்தது. கம்பம் சாய்ந்திருந்தது மட்டும் இல்லை. ஆடிக்கொண்டிருந்தது. அதன் நேர் கீழேதான், இறக்காமல் விட்ட குண்டுகள் கிடக்கிற சரக்கறை.

நீரோட்டம் அவர்களை மறுபக்கத்து மிதவைகளுக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. மொத்தம் இருபது நிமிஷம் இருக்கும். மைத்துனன் கத்தியோடு குதித்து, விசிறியில் சுற்றிய வலையை அறுத்தான். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கரை வந்ததும் சின்னக் குழந்தை, “அம்மா, இன்னொரு ரவுண்டு போலாமா?” என்று கேட்டது. வாத்தியாரின் மனைவி அதன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள்.

வாத்தியார் புகார் எதுவும் கொடுக்கவில்லை. சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். மைத்துனன் அதைத்தான் சொன்னான்.

“மாமா, யாருக்கும் எதுவும் ஆகலை. வட்டத்துக்குள்ள போனோம்னு நாமளே வாயைக் கொடுத்தா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. உங்களோடது மட்டும் இல்லை, என்னோடதும். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு.”

“கம்பம் ஆடுது மாப்ள.”

“வருஷா வருஷம் ஆளுங்க வந்து முங்கிப் பாக்கறாங்கல்ல? அவங்க பாத்துக்குவாங்க.”

“அவங்க வர இன்னும் ஏழு மாசம் இருக்கு.”

மெதுவாக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவருடைய கைக்கட்டைப் பிரித்து மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “நீங்க கேட்டது நிஜம்தானே?” என்றாள். “நிஜம்,” என்றார். அவள் புதுத் துணியை எடுத்துக் கட்டுப் போட்டாள். தம்பி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் துறைமுக அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். அதிகாரி நல்ல மனுஷன்தான், சின்ன வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்தார்.

“சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றீங்க. எவ்வளவு தூரத்துல இருந்து?”

“கை நீட்டினா தொடலாம்.”

“இதை நான் எழுதினா, நீங்க அங்க போனதையும் சேத்துத்தான் எழுதணும். புரியுதா? இல்லைன்னா நீங்க இன்னைக்கு இங்க வரவே இல்லைன்னு வெச்சுக்கலாம்.”

“எழுதிக்குங்க சார்.”

அதிகாரி எழுதினார். பத்தாம் நாள் இரண்டு பேருடைய லைசென்ஸும் போனது. மைத்துனன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வேறொரு துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனான். போகும்போது அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். மெதுவாக்காரர் ஐஸ் பேக்டரியில் இயந்திரம் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார். ஊரில் அவர்மேல் ஒரு முணுமுணுப்பு இருந்தது. வருகிறவர்களைப் பயமுறுத்தி விரட்டப் பார்க்கிறான், வந்தேறிக்கு ஊர்ப்பாசம் எங்கிருந்து வரும் என்றார்கள். இருபத்தேழு வருஷம் கழித்து அவர் திரும்பவும் வெளியூர்க்காரர் ஆனார்.

ஒரு மாதம் கழித்துப் பெரிய சாம்பல் நிறப் படகு ஒன்று வந்து, கப்பலுக்கு அருகே மூன்று நாள் நின்றது. முங்கிப் பார்க்கிறவர்களில் ஒருவன் இவர்கள் வீட்டு மாடியில் தங்கினான். முதல் நாள் நன்றாகப் பேசினான், சிரித்தான். இரண்டாம் நாள் சாப்பிட வரவில்லை. மூன்றாம் நாள் காலை பையோடு இறங்கி வந்தவனிடம் மனைவி டீயைக் கொடுத்துவிட்டு, “என்னப்பா, எப்படி இருக்கு அது?” என்றாள்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். “அதைப் பத்தி நாங்க பேசக் கூடாதும்மா.” பிறகு வாசல் வரை போய்த் திரும்பினான். “நீங்க ரெண்டு பேரும் எந்த ரூம்ல படுக்கறீங்க?”

“கடல் பக்கம். காத்து வரும்ல.”

“தெருப்பக்கம் ரூம் இருக்கா?”

“இருக்கு.”

“அங்க படுங்கம்மா,” என்றான். போய்விட்டான்.

அன்று மதியமே அவள் கட்டிலைத் தனியாளாக இழுத்துத் தெருப்பக்கத்து அறையில் போட்டாள். வேலையிலிருந்து வந்த கணவர் தரையில் கட்டில்கால் கீறிய தடத்தைப் பார்த்தார். தலையணைகளை எடுத்துவந்து அந்தக் கட்டிலில் போட்டார். அந்த வாரம் மஞ்சள் மிதவைகளை இன்னும் முந்நூறு அடி வெளியே தள்ளிப் போட்டார்கள். ஏன் என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரிகூட இல்லை. பழைய பலகையைத் துடைத்துப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஊர் எப்போதும் போலவே இருந்தது. காலை பஸ் வந்தது, சாயங்கால பஸ் போனது. வேறொருவர் படகு ஓட்டினார். கேள்வியும் அதேதான், சிரிப்பும் அதேதான். மெதுவாக்காரருக்கு மட்டும், ஐஸ் பேக்டரியின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தத் தட்டுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தன் ஒருத்தனுக்குத்தான் இப்படி, மற்றவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல், பதினோரு மணி. பேக்டரி வாசலில் வெடிச்சத்தம் கேட்டது. கண்ணாடி அதிர்ந்தது. அவர் தெருவுக்கு ஓடி வந்தார்.

தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். தையல்காரர் வாயில் குண்டூசியோடு நின்றார். சலூனிலிருந்து பாதி முகம் சோப்பு நுரையோடு ஒருவர். மளிகைக்காரர் கையில் தராசுத் தட்டு. தபால்காரர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டிருந்தார். மாடியில் அவருடைய மனைவி, ஈரப் போர்வையைப் பிழிந்த கையோடு. சத்தம் வந்தது பேக்டரிப் பக்கமிருந்து. ஆனால் ஒருத்தரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லா முகமும் கடலை நோக்கித் திரும்பியிருந்தது.

எத்தனை நேரம் அப்படி நின்றார்களோ தெரியாது. பின்னாலிருந்து லாரி டிரைவர் இறங்கி வந்து, “டயருங்க, டயர்தான் வெடிச்சுது, என்ன எல்லாரும் இப்படி நிக்கறீங்க?” என்றான். யாரோ சிரித்தார்கள். மளிகைக்காரர் தராசைத் தட்டிவிட்டு உள்ளே போனார். தபால்காரர் சைக்கிளை எடுத்தார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் கலைந்தார்கள், அம்மணமாக நின்று பிடிபட்டவர்கள் மாதிரி.

மெதுவாக்காரர் அங்கேயே நின்றார். இத்தனை வருஷமும் இவர்கள் எல்லோருமே காது கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அதை உணர்ந்ததும் அவருக்கு ஆறுதல் வரவில்லை.

அன்று சாயங்காலம் தையல்காரர் வீட்டுக்கு வந்தார். மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

“அண்ணே, அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சு?”

இவர் மேஜையில் விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. தையல்காரர், “போதும்ணே,” என்றார்.

மறுநாள் மளிகைக்காரர் வந்தார். அதற்கு மறுநாள் சலூன்காரர், தபால்காரர். ஒவ்வொருத்தருக்கும் தட்டிக் காட்டினார். அறுபது பேர் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு ஒரு மனு போனது. ‘தொடர் கண்காணிப்பில் உள்ளது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தையல்காரர் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு மனைவியின் ஊருக்குப் போனார். அவர் கடையைப் பூட்டிய பிறகு தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் பூட்டு தொங்கியது.

மகள் தினமும் போனில் அழுதாள். “கிளம்பி வாங்கப்பா. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. எதுக்கு அங்க உக்காந்திருக்கீங்க?”

“வர்றோம்மா,” என்பார். மனைவி போனை வாங்கி, “ரூம் கேட்டிருக்கவங்களுக்கு வாக்கு கொடுத்துட்டேன், அவங்க வந்து போகட்டும்,” என்பாள். ஒருவர் போன பிறகு இன்னொருவர் கேட்டிருப்பார்கள். அவள் பிறந்த வீடு அது. அவருக்கும் அவளை அவசரப்படுத்தத் தெரியவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்: வருகிறவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. வயதான அப்பா, மகன், மருமகள், தொப்பி வைத்த குழந்தைகள். மெதுவாக்காரர் வாசலிலேயே அவர்களை நிறுத்தி, கம்பத்தைப் பற்றி, வெடிப்பைப் பற்றி, தள்ளிப் போட்ட மிதவைகளைப் பற்றி, முங்கிப் பார்த்தவன் சொன்னதைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். மகன் அப்பாவைப் பார்த்தான். பெரியவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, கபடமில்லாமல் கேட்டார்.

“அப்படின்னா நீங்க ஏன் தம்பி இன்னும் இங்க இருக்கீங்க?”

அவர் பெரியவரின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குள் குழந்தைகள் மாடிப்படியில் ஓடத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்களும் பைகளோடு ஏறினார்கள். மனைவி தெருப்பக்கத்து அறைகளின் சாவியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள்.